அடுத்த நாளையும் அளந்து பாருங்கள்

ஓடு, குனி, நிமிர் என்று சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். திண்டுக்கல் பக்கத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். கோ-கோ, கபடி, கொஞ்சம் தடகளம். உடற்பயிற்சிக்கு எதிராக டீச்சரே எழுதிவிட்டார் என்று என் பழைய மாணவிகள் பதற வேண்டாம். யாருக்கு, எவ்வளவு, பிறகு என்ன ஆனது என்று கேட்காமல் அதைச் சிகிச்சையாக எழுதிக் கொடுக்கக் கூடாது என்றுதான் சொல்ல வருகிறேன்.

2021 இரண்டாம் அலையில் எனக்குக் கொரோனா. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை; வீட்டிலேயே தனி அறை, கபசுரக் குடிநீர், பாரசிட்டமால். காய்ச்சல் போனது, மற்றது போகவில்லை. மொட்டை மாடியில் ஒரு வாளித் துணியைக் காயப்போட்டு இறங்கினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் ஓரளவு ஓட்டிவிடலாம். அதற்கடுத்த நாள் காலையில் தலை வாரக் கையைத் தூக்க முடியாது. தொண்டை கரகரக்கும், வெளிச்சம் கண்ணைக் குத்தும், அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகும். நாள் முழுக்கப் படுத்தாலும் தீராது. ஈ.சி.ஜி., எக்கோ, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். "வயசாகுதுல்ல டீச்சர், தினமும் நடையைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போங்க" என்றார் ஒரு டாக்டர்.

இந்த அறிவுரைக்கு ஒரு பூர்வகதை உண்டு. என்னிடம் படித்து இப்போது பிசியோதெரபிஸ்டாக இருக்கும் பெண் போனில் விளக்கிச் சொன்னாள். கொரோனாவுக்கு முன்பே, நாள்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களிடமும் உழைத்தபின் இப்படித் தாமதமாக வரும் சரிவு உண்டு, மருத்துவர்கள் பி.இ.எம். என்கிறார்கள். பிரிட்டனில் 641 பேரை வைத்து 'பேஸ்' என்றொரு பெரிய ஆய்வு நடத்தி, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் பலன் உண்டு என்று 2011-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். உடல் இயக்கத்துக்கு 100-க்கு 65 அல்லது அதற்குக் கீழே மதிப்பெண் இருந்தால்தான் ஆய்வில் இடம். 85 எடுத்தால் குணம் என்று முதலில் வைத்திருந்தவர்கள், பின்னால் அதை 60 ஆக்கினார்கள். சேரும்போது 65 இருந்தவர் 60-க்கு இறங்கினாலும் அந்த ஒரு கணக்கில் தேறிவிடுவார்! உயரம் தாண்டுதலில் கம்பைத் தகுதிச் சுற்றைவிடத் தாழ்த்தி வைத்துவிட்டுப் பதக்கம் கொடுத்தால் எந்த விளையாட்டு விழாவில் ஒப்புக்கொள்வார்கள்? நோயாளி ஒருவர் விடாமல் கேட்டு, தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே 2016-இல் தரவுகள் வெளியே வந்தன. முதலில் வைத்த அளவுகோலால் பார்த்தபோது குணமானவர்களின் எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கியது. 2021-இல் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இந்த நோய்க்கு அந்தச் சிகிச்சையைக் கொடுக்காதீர்கள் என்றே சொல்லிவிட்டது.

எனக்கு வந்ததுபோல், கொரோனா போன பிறகும் தொல்லை விடாத நீள்கொரோனாவுக்கு இப்போது நடக்கும் ஆய்வுகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 2024-இல் வந்த ஆம்ஸ்டர்டாம் ஆய்வு எனக்குப் பிடித்தது. இந்தச் சரிவு உள்ள 25 பேரையும் நலமாக உள்ள 21 பேரையும் கால் மணி நேரம்போலச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒரு வாரம் முன்னதாகவும், மிதித்த மறுநாளும் தொடைத் தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசையில் செல்கள் சிதைந்திருந்தன. ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா மறுநாள் இன்னும் மந்தமாகியிருந்தது. மனப்பிரமை என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தொடைச் சதையே சாட்சி சொன்னது.

மறுபக்கமும் இருக்கிறது. ஸ்வீடனில் 31 நோயாளிகளுக்கு மூன்று வகைப் பயிற்சி கொடுத்து 48 மணி நேரம் கவனித்தார்கள். பெரும்பாலும் அறிகுறிகள் மோசமாகவில்லை. இரண்டு நாள் காத்திருந்து பார்த்தார்களே, அதற்கே ஒரு சபாஷ். ஆனால் ஒவ்வொரு பயிற்சியும் ஒரே ஒரு தடவை. வாரக்கணக்கில் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. பிரிட்டனின் 'ரீகெய்ன்' ஆய்வில் 585 பேர். இணையவழிக் குழுப் பயிற்சியால் வாழ்க்கைத் தரம் சற்று உயர்ந்தது. எல்லோரும் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள். படுக்கையில் கிடந்து வலுவிழந்தவருக்குப் பயிற்சி நிச்சயம் உதவும். அந்த முடிவை என்னைப் போன்றவர்கள் தலையில் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மாத்திரைக்கும் இதே கேள்விதான். பைரிடோஸ்டிக்மின் என்பது தசைகள் வலுவிழக்கும் மயஸ்தீனியா நோய்க்குப் பல காலமாகக் கொடுக்கும் மருந்து. பாஸ்டனில் டேவிட் சிஸ்ட்ரம் குழுவினர் களைப்பு நோயாளிகள் 45 பேருக்கு ஒரு வேளை மருந்தோ வெற்று மாத்திரையோ கொடுத்துச் சைக்கிள் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்களின் ஆக்சிஜன் பயன்பாடு இரண்டாம் தடவை குறைந்தது. மருந்து போட்டவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. நல்ல சேதி. ஆனால் ஒரு வேளை மருந்து, ஒரே நாள் அளவு. மூன்றாம் நாள் காலையில் அவர்கள் தலை வாரினார்களா?

நீள்கொரோனாவை ஆராய முதலில் 115 கோடி டாலர் ஒதுக்கப்பட்ட அமெரிக்காவின் 'ரிக்கவர்' திட்டத்தில் 'எனர்ஜைஸ்' என்றொரு பிரிவு இருக்கிறது. உழைப்பைத் தாங்க முடியாதவர்களுக்கு இதய-நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி, பி.இ.எம். உள்ளவர்களுக்குச் சக்தியைப் பங்கிட்டுச் செலவழிக்கும் பழக்கம் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் ஆளைப் பிரித்தார்களே, அதுவே பெரிய விஷயம். வயிற்றைக் கலக்குவது, பி.இ.எம். உள்ள ஒருவர் தெரியாமல் பயிற்சிப் பக்கம் போய்விட்டால் என்ன ஆகும் என்பதுதான்.

நம் ஊரில் மாவட்டத்துக்கு மாவட்டம் 8 கிலோமீட்டர் நடைபாதை போட்டிருக்கிறார்கள். சந்தோஷம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். பயிற்சிக்கு அடுத்த நாட்களையும் அளக்கும் ஓர் ஆய்வுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எந்த நாட்டிலும் எளிதில் கிடைக்காது; படுக்கையை விட்டு எழ முடியாதவர் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் வந்து சைக்கிள் மிதிக்கப்போவதில்லை. வீட்டுக்கு வருகிறவர் ஆறு நிமிட நடைச் சோதனையோடு முடித்துக்கொள்ளாமல், மறுநாளும் மூன்றாம் நாளும் ஒரு போன் போடட்டும். குளிக்க முடிந்ததா, சமைத்தீர்களா, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேட்டு, நடந்த தூரத்துக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளட்டும். பாதியில் நின்றுபோனவர்களின் பெயரை அடித்துவிடாமல், ஏன் நின்றார்கள் என்பதையும் எழுதட்டும். இதற்குப் புது மெஷின் எதுவும் வாங்க வேண்டியதில்லை.