எழுதியது யார், பேசியது யார்?

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு விவாதப் போட்டி நடுவராகப் போயிருந்தேன். இரண்டு அணிக்கும் தலைவர்கள் ஆண் பிள்ளைகள். வென்ற அணியின் வாதங்களை எழுதிக் கொடுத்தது பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி என்று பிறகுதான் தெரிந்தது.

"ஏம்மா நீ பேசல?"

"சிரிப்பாங்க மிஸ்."

வகுப்பில் முதல் பிள்ளை அவள்தான். குறை அறிவில் இல்லை. அவள் பார்த்து வளர்ந்தது என்ன? கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொழிற்சங்கச் சந்தா அவர்களுடைய சம்பளத்திலிருந்தும் போகிறது. தோட்டத் தலைவரும் மேடையில் பேசுபவரும் அநேகமாக ஆண்கள்தான்.

எப்போதும் அப்படி இருந்ததும் இல்லை. 1930களில் மீனாட்சி அம்மாள், கணவர் கோ. நடேசய்யருடன் தோட்டங்களுக்குச் சென்று பாடியும் பேசியும் தொழிலாளரைத் திரட்டினார். பின்னர் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையக மக்களில் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்துவிட்டன. அதில் ஆண், பெண் வேறுபாடு பார்க்கவில்லை! மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்கள் வாக்கினால் பாராளுமன்றம் போனது 2024 நவம்பரில்தான்: நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தெருவில் போராட்டம் தொடங்கிய தாய்மாரைப் பற்றியும் சொன்னேன்.

"அவங்களப் பார்த்து யாரும் சிரிக்கலியா மிஸ்?"

சகோதரிகளே, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வது சரியில்லை. நீங்கள் எழுதுங்கள். அவளிடம் சேர்ப்பிக்கிறேன்.