உடலை அளந்தோர் உடைமையை அளந்தனரா?

பராலிம்பிக் போட்டிகளில் ஆண்களுக்கான நூறு மீற்றர் ஓட்டத்துக்கு ஒரு தங்கப் பதக்கமன்று, பத்துக்கு மேற்பட்ட தங்கப் பதக்கங்கள் வழங்கப்படுகின்றன. இச்செய்தியைப் பத்திரிகையிற் கண்ட சக ஆசிரியர் ஒருவர், “ஓட வேண்டிய தூரம் ஒன்று, முதலாவதாக வந்தவர்கள் மட்டும் பத்துப் பதினைந்து பேரா? இது பந்தயமா, பந்தியா?” என்று ஆசிரியர் ஓய்வறையில் நகைத்தார். கூடியிருந்தோரும் நகைத்தனர். நகைத்தவர் பிற்போக்குவாதியல்லர். சம்பளப் போராட்டத்தில் எம்மோடு வீதியில் நின்றவர். இத்தகைய சஞ்சிகைகளைத் தேடிப் படிப்பவர். அதனாலேயே அவருக்கு மறுமொழி கூறவேண்டியிருக்கிறது. பகைவனின் ஏளனத்தைப் புறக்கணிக்கலாம். தோழனின் ஏளனத்தை அவ்வாறு விட்டுவிட இயலாது.

அதே வாரத்திலேயே எமது பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெற்றது. பதினான்கு வயதின் கீழ், பதினாறு வயதின் கீழ், பதினெட்டு வயதின் கீழ், இருபது வயதின் கீழ் என நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஆண், பெண் எனத் தனித்தனி ஓட்டங்கள். ஆக, கட்டாக்காலி மாடுகளைத் துரத்திவிட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்ட எமது சிறு மைதானத்திலேயே அன்று எட்டுப் பேர் நூறு மீற்றரில் முதலிடம் பெற்றனர். அவர்களை ஓடவிட்டவர் எமது நண்பரே. எவரும் நகைக்கவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவனைப் பத்தொன்பது வயது இளைஞனோடு ஓடவிட்டுத் தோற்கடிப்பதை நாம் போட்டி என்று கூறுவதில்லை. குத்துச்சண்டையில் நிறையின்படி பிரிக்கிறார்கள், மல்யுத்தத்திலும் அவ்வாறே. எமக்குப் பழகிய பிரிவுகள் இயற்கையாகவும், பழகாத பிரிவுகள் வேடிக்கையாகவும் தோன்றுகின்றன என்பதைத் தவிர இவ்வேளனத்துக்கு வேறு அடிப்படை இல்லை.

இப்பிரிவுகளின் தோற்றத்தைச் சற்று நோக்குவோம். 1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே தினத்தில், இங்கிலாந்தின் ஸ்ரோக் மன்டவில் மருத்துவமனையில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தனர். படைச் சேவையில் இருந்து உடல் முடமான ஆண்களும் பெண்களும் அவர்கள். போட்டியை நடத்திய மருத்துவர் லூட்விக் குட்மன், 1939இல் நாசி ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதர். ஊனமுற்றோரை வாழத் தகுதியற்ற உயிர்கள் எனப் பட்டியலிட்டுக் கொன்று குவித்தது அவ்வாட்சி. அதன் பிடியிலிருந்து தப்பிய ஒருவரே இவ்வியக்கத்தைத் தொடங்கினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1960இல் றோமில் 23 நாடுகளிலிருந்து 400 பேர் கூடினர். 1964இல் டோக்கியோவில் சக்கர நாற்காலியில் 60 மீற்றர் விரைவோட்டம் முதன்முதலாக இடம்பெற்றது. 1976இல் உறுப்பிழந்தோரும் பார்வையற்றோரும், 1980இல் மூளை முடக்கு வாதத்துக்கு ஆளானோரும் சேர்க்கப்பட்டனர்.

அக்காலத்தில் நோயின் பெயரை வைத்தே பிரித்தார்கள். அது குறைபாடான முறை. ஒரே நோய் இருவரை ஒரே அளவிற் பாதிப்பதில்லை. ஆகவே, நோய் யாது என்பதை விட்டு, அந்நோய் ஓட்டத்துக்கு எவ்வளவு தடையாகிறது என்பதை அளக்கும் முறை படிப்படியாக உருவாயிற்று. இன்று ஓட்டத் தடத்தைக் குறிக்கும் ‘ரி’ என்ற ஆங்கில எழுத்தோடு ஓர் எண்ணைச் சேர்த்துப் பிரிவுகளைச் சுட்டுகின்றனர். 11 முதல் 13 வரை பார்வைக் குறைவு. 20 அறிவு வளர்ச்சிக் குறைவு. 35 முதல் 38 வரை தசை இறுக்கமும் தள்ளாட்டமும் உடையோர். அவ்வாறே உயரம் குன்றியோருக்கும், கை கால் குறைவுற்றோருக்கும் தனித்தனி எண்கள் உண்டு. 51 முதல் 54 வரை சக்கர நாற்காலி. 61 முதல் 64 வரை செயற்கைக் காலோடு ஓடுவோர். எண் சிறிதாகுந்தோறும் தடை பெரிது என்பது பொதுவான ஒழுங்கு.

ரி 11 பிரிவினர் அனைவரும் கண்களை முற்றாக மறைத்துக்கொண்டே ஓடுவர். ஒருவருக்குச் சிறிதளவு வெளிச்சம் தெரியும், மற்றவருக்குத் தெரியாது என்ற வேறுபாடும் இருத்தலாகாது என்பதற்காக. ஓடுபவரின் கையையும் வழிகாட்டியின் கையையும் ஒரு கயிறு இணைக்கிறது. வழிகாட்டி இழுத்தலாகாது; எல்லைக் கோட்டை முந்திக் கடத்தலுமாகாது. ஒருவருக்கு இரு தடங்கள் வேண்டியிருப்பதால் இறுதி ஓட்டத்தில் நால்வரே ஓடுவர். கை இழந்தோரின் பிரிவைப் பற்றி, “காலால் ஓடுவதற்குக் கை எதற்கு?” என்று கேட்பாரும் உளர். எமது மாணவர்கள் அறிவார்கள். விரைவோட்டத்தின் தொடக்கத்தில் இரு கைகளும் தரையில் ஊன்றி உடலைத் தாங்குகின்றன. ஓட்டத்திலோ வலக்கால் முன் செல்கையில் இடக்கை முன் வீசிச் சமநிலை பேணுகிறது. முழங்கைக்குக் கீழ் இல்லாதவர், தொடக்கக் கோட்டில் ஒரு சிறு தாங்கியை வைத்து அதன்மீது எஞ்சிய கையை ஊன்றுகிறார். நண்பர்கள் ஒரு கையை முதுகோடு கட்டிக்கொண்டு ஐம்பது மீற்றர் ஓடிப்பார்க்கட்டும், பின்னர் நகைக்கலாம்.

இம்முறையில் மோசடி நிகழ்வதில்லையா? நிகழ்கிறது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் அறிவு வளர்ச்சிக் குறைந்தோருக்கான கூடைப்பந்தாட்டத்தில் தங்கம் வென்ற ஸ்பானிய அணியின் 12 பேரில் 10 பேருக்கு அக்குறைபாடே இருக்கவில்லை. அதன் தண்டனையை அனுபவித்தோர் யார்? உண்மையான குறைபாடுடையோரே, 2012 வரை அவர்களுக்குப் பராலிம்பிக் கதவு மூடப்பட்டது. தடை மிகுந்த பிரிவில் இடம்பிடிப்பதற்காக உடல்நிலையை மிகைப்படுத்திக் காட்டுகின்றனர் என்ற முறைப்பாடுகளை 2017இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவொன்றே விசாரித்தது. பதக்கத்துக்குப் பணமும் விளம்பர ஒப்பந்தமும் விலையாகும் இடத்தில் பொய்யும் விலையாகும். இது பிரிவு முறையின் குற்றமன்று, சந்தையின் குற்றம்.

எமது முறைப்பாடு வேறு. தசையின் வலிமையை எண்களால் மதிப்பிடுகிறார்கள். மூட்டு வளையும் கோணத்தை அளக்கிறார்கள். எஞ்சிய காலின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். உடலை இவ்வளவு நுட்பமாக அளந்து நியாயம் தேடுவோர், அவ்வுடலில் பூட்டப்படும் கருவியின் விலையை அளக்கிறார்களா? அக்கருவியை வாங்கித் தந்தது யாருடைய பணம் என்று வினவுகிறார்களா? ஓட்டத்துக்கெனச் செய்யப்படும் காபன் இழைத் தகடு அன்றாடம் நடப்பதற்குரிய கால் அன்று. இரண்டும் வேறு வேறாக வேண்டும். உடலோடு அதைப் பொருத்தும் குழி ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் செய்யப்படவேண்டியது. வளரும் பிள்ளைக்கு மீண்டும் மீண்டும் மாற்றவேண்டியது. சக்கர நாற்காலியின் கதையும் இதுவே. டோக்கியோவில் 1964இல் ஓடியவை மருத்துவமனை நாற்காலிகளை ஒத்தவை. 2016இல் அமெரிக்க அணிக்கு ஓட்ட நாற்காலி வடிவமைத்தது ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ மோட்டார் நிறுவனம். தொடக்கக் கோடு எல்லோருக்கும் ஒன்றுதான். அக்கோட்டுக்கு வந்துசேரும் பாதை ஒன்றன்று.

2012 லண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதை நன்கு விளக்கும். இரு கால்களும் முழங்காலுக்குக் கீழ் இல்லாத தென்னாபிரிக்கர் ஒஸ்கார் பிஸ்டோரியஸ், தமது தகடுகள் நியாயமற்ற அனுகூலம் தருவன அல்ல என்று 2008இல் விளையாட்டு நடுவர் மன்றத்தில் வாதிட்டு வென்றவர்; 2012இல் ஒலிம்பிக்கிலேயே 400 மீற்றர் ஓடியவர். (பின்னாளில் கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்றவரும் அவரே, அது வேறு கதை.) அதே ஆண்டுப் பராலிம்பிக்கில் 200 மீற்றரில் பிரேசிலின் இருபது வயது இளைஞர் அலன் ஒலிவெய்ரா 21.45 செக்கனில் அவரை முந்தினார். உடனே பிஸ்டோரியஸ், எதிராளியின் தகடுகள் நீளமானவை எனக் குற்றஞ்சாட்டினார். அவை விதிக்கு உட்பட்டவையே எனப் பராலிம்பிக் குழு கூறிற்று. தம்மை அளந்தபோது அநீதி என்றவருக்குப் பிறரை அளப்பது நியாயமாகப்பட்டது!

பின்னர் 2018இல் விதி இறுக்கப்பட்டது. இரு கால் இழந்தோர் தகடணிந்து நிற்கும் உயரத்துக்கு ஒரு சூத்திரம் எல்லை வகுத்தது. அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர் பிளேக் லீப்பர், இச்சூத்திரம் வெள்ளையர், ஆசியர் உடலளவுகளிலிருந்து பெறப்பட்டது, ஆபிரிக்க வம்சத்தினரின் அளவு அதில் இல்லை என்று வாதிட்டார். 2020இல் நடுவர் மன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அவருடைய தகடுகள் அளவுக்கு மிஞ்சியவை என்றே தீர்த்தது. ஆயினும் அனுகூலம் இல்லை என்று நிரூபிக்கும் சுமையை ஓட்டக்காரர் தலையில் ஏற்றிய விதி செல்லாது என்று அதே மன்றம் கூறியதை நாம் மறத்தலாகாது. அளவுகோலும் மனிதர் செய்ததே. யாரை வைத்து அது செய்யப்பட்டது என்று கேட்பதற்கு எவருக்கும் உரிமையுண்டு.

வறிய நாடுகள் வென்ற இடங்களைப் பாருங்கள். கியூபாவின் ஒமாரா டுராண்ட் 2012 முதல் 2024 வரை நான்கு பராலிம்பிக்குகளில் 11 தங்கங்கள் வென்ற பார்வைக் குறைவுடைய பெண். அவருக்கு வேண்டியிருந்தவை ஒரு கயிறும், வழிகாட்டியும், நாள்தோறும் பயிற்சி தரும் ஓர் அமைப்புமே. கியூபாவின் அரசியல் பற்றி எவரும் எக்கருத்தும் கொள்ளலாம். வறிய நாடொன்று தன் பெண்ணொருத்தியின் ஓட்டத்தைப் பொதுச் சொத்தாகக் கருதிப் பேணியதை மறுக்கமுடியாது. ‘அப்படியாயின் கருவி வேண்டிய ஓட்டங்கள் செல்வந்தருக்கே உரியனவா?’ என்றால், தாய்லாந்து இடைமறித்து விடை கூறுகிறது. 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் தாய்லாந்தின் பொங்சகோன் பெயோ ரி 53 பிரிவில் 100, 400, 800 மீற்றர் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். எனவே தேசிய வருமானம் மட்டும் தீர்ப்பதில்லை; அதை எதற்குச் செலவிடுவது என்ற அரசியலே தீர்க்கிறது.

இனி எமது நாடு. இலங்கையின் முதலாவது பராலிம்பிக் பதக்கம் 2012இல் பிரதீப் சஞ்சய 400 மீற்றர் ஓட்டத்தில் வென்ற வெண்கலம். அது ரி 46, கைக் குறைவுடையோர் பிரிவு. கருவி வேண்டாத ஓட்டம் என்பதைக் கவனிக்க. அவர் இராணுவ வீரர். டோக்கியோவில் ஈட்டி எறிந்து நாட்டின் முதலாவது தங்கத்தை வென்ற தினேஷ் பிரியந்தவும் இராணுவத்தவரே. சீருடை அணிந்தவர் என்பதற்காக அவர்தம் வெற்றியை நாம் சிறுமைப்படுத்தமாட்டோம். வறிய கிராமங்களின் பிள்ளைகளே எந்தப் படையிலும் காலாட்களாகிறார்கள். நாம் கேட்பது இதுவே: சிப்பாய்க்குக் கிடைத்த பயிற்சியாளர், மைதானம், சம்பளத்தோடு கூடிய நேரம், கண்ணிவெடியில் கால் இழந்த கமக்காரனுக்கும் அவன் மகளுக்கும் ஏன் கிடைக்கவில்லை? 2012 குடிசன மதிப்பின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர் ஏதேனுமொரு உடற்றடையோடு வாழ்கின்றனர். 1996இல் சட்டம் இயற்றினோம். 2016இல் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்றோம். தாள் நிறைந்தது. வன்னியின் வயல் வரம்பில் நடப்பதற்கு ஜெய்ப்பூர்க் கால் கிடைத்தது. அது அரிய சேவை, அதைச் செய்து தந்த கைகள் நன்றிக்குரியன. ஆனால் நடப்பதோடு அவர்களுடைய ஆசை முடிந்துவிடவேண்டும் என்று யார் விதித்தார்?

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிக்கு மேற்பட்டோருக்கு உதவிக் கருவிகள் தேவை என்றும், ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அவை கிட்டவில்லை என்றும் கூறுகிறது. பிரிவு எண் பெறுவதற்கே பணம் வேண்டும். மருத்துவச் சான்றுகளோடு அனைத்துலகக் குழுவின் முன் நேரில் தோன்றாதவர் பராலிம்பிக்கில் ஓடமுடியாது. அக்குழு முல்லைத்தீவுக்கு வருவதில்லை. விமானச் சீட்டுக்கு வழியற்றவர் எந்தப் பிரிவிலும் இல்லை.

இடையில் ஒரு சொல். இப்போது ‘மாற்றுத் திறனாளி’ என்றே எழுதவேண்டும் என்கின்றனர். எழுதுவோம், இழிசொற்கள் ஒழிவது நல்லதே. எனினும் மேடையில் இச்சொல்லை உருக்கத்தோடு உச்சரிப்போர், அம்மேடைக்கு ஏறச் சாய்தளம் இல்லாததைக் கவனிப்பதில்லை. விளம்பரப் படத்தில் தகடணிந்த வீரரைக் காட்டி, ‘மனம் இருந்தால் போதும்’ என்று எழுதும் வங்கிகளும் அவ்வாறே. மனம் போதாது. தகடும் வேண்டும்.

இல்லப் போட்டியன்று எமது பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் புள்ளி குறிக்கும் மேசையில் இருந்தான். பிறவியிலேயே முழங்காலுக்குக் கீழ் இடது கால் வளராதவன். செயற்கைக் காலோடு நடப்பவன். ஆண்டுதோறும் அவனுக்கு அம்மேசையே ஒதுக்கப்படுகிறது. கையெழுத்து அழகு என்பது காரணமாகக் கூறப்படும். நாமும் அதைக் கூறியவர்களே. இக்கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது அவன் எட்டிப் பார்த்து, “சேர், நான் எந்தப் பிரிவு?” என்று கேட்டான். ரி 64 ஆக இருக்கலாம் என்றோம். “அப்ப என்னோட ஓடுறதுக்கு ஆர் இருக்கினம்?” என்றான்.

எமது வலயப் போட்டியின் நிகழ்ச்சி நிரலில் அவனுக்கு ஓர் ஓட்டமில்லை. எனவே அயற்பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு எழுதினோம். இதுவரை நான்கு மாணவர்களின் பெயர்கள் வந்துள்ளன. இருவருக்குச் செயற்கைக் கால், ஒருத்திக்கு வலது கை இல்லை, ஒருவனுக்குப் பார்வை மங்கல். நால்வரும் நான்கு பிரிவு. நேரத்தைத் தனித்தனியே குறித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் நேரத்தை அடுத்த முறை முறியடிக்கும் இலக்காக வைப்பதென முடிவு செய்துள்ளோம். அடுத்த ஆண்டு முதலாந் தவணையில் அவர்களை ஓடவிட, ஓய்வறையில் நகைத்த நண்பரையே கேட்டோம். எந்தத் தடத்தில் யாரை நிறுத்துவது என்று அவர் இப்போதே எம்மோடு வாதிட்டுக்கொண்டிருக்கிறார்.