ரெண்டாவது தடவை மூட்டு மாத்த ரோபோ வேணுமா?

மூட்டு மாற்று விளம்பரம்னாலே இப்பல்லாம் 'ரோபோ'ங்கற வார்த்தையும் கூடவே வந்துடுது. முதல் ஆபரேஷனுக்கு மட்டுமில்லீங்க, பழைய மூட்டைக் கழட்டிட்டு புதுசு வைக்கிற ரிவிஷனுக்கும்தான்.

நம்ம கம்பம் பள்ளத்தாக்குல முட்டி தேயறதுக்கு காரணம் தேட வேண்டியதில்ல. விடியுமுன்னாடி ஜீப்புல கம்பம் மெட்டு, போடி மெட்டு ஏறி, ஏலத்தோட்டச் சரிவுல குத்தவச்சு காய் எடுக்கற பொம்பளைங்க எத்தனை பேர்! மிச்சப் பேருக்கு வயல்ல நடவு, களையெடுப்பு.

மாத்தின மூட்டு சீக்கிரம் கெட்டுடும்னு பயப்படாதீங்க. 2019-ல லான்செட் இதழ்ல வந்த ஆய்வுப்படி, முழு மூட்டு மாத்தினதுல சுமார் 82 சதவீதம் 25 வருஷம் தாங்குது. மீதிப் பேருக்குத்தான் ரிவிஷன்.

இதுல ரோபோ என்ன செய்யும்? பெரும்பாலும் தானா வெட்டாது. கருவி டாக்டர் கையிலதான் இருக்கும். எலும்பை எந்தக் கோணத்துல, எவ்வளவு ஆழம் வெட்டணும், தசைநார் இழுப்பு ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு அளந்து சொல்லும். ரிவிஷன்ல எலும்பு கரைஞ்சு, பழைய அடையாளமெல்லாம் அழிஞ்சு கிடக்கும். அங்க இந்த அளவு நிஜமாவே உதவும், மறுக்கல. ஆனா உள்ள இருக்கற உலோகம் சி.டி. ஸ்கேன் படத்தைக் குழப்பிடும். அதனால ஸ்கேன் இல்லாம, எலும்பு மேல நேரடியா தொட்டு வரைபடம் எடுக்கற 'கோரி' மாதிரி கருவிக்கு அமெரிக்காவுல ரிவிஷனுக்கு அனுமதி கிடைச்சிருக்கு.

சரி, பழைய மூட்டையும் சிமெண்டையும் எலும்பு உடையாம பேத்து எடுக்கறது யாரு? டாக்டரோட கையும் உளியும்தான். சீழ் பிடிச்சு கெட்டிருந்தா? பெரும்பாலும் மூட்டைக் கழட்டி, ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்ட் வச்சு, பல வாரம் காத்திருந்து மறுபடி ஆபரேஷன். கிருமி விஷயத்துல ரோபோவுக்கு வேலையே இல்ல.

அதனால என் கட்சி இதுதான்: "ரோபோ இருக்கா?"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி "முதல் மூட்டு ஏன் கெட்டுச்சு?"ன்னு கேளுங்க. ரத்தம், மூட்டு நீர் ரெண்டும் டெஸ்ட் பண்ணாங்களா? இந்த டாக்டர் வருஷத்துக்கு எத்தனை ரிவிஷன் பண்றார்? காரணம் தெரியாம மாத்தினா அதே வலி திரும்ப வர வாய்ப்பிருக்கு.

காசுக் கணக்கும் பாருங்க. 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு மூட்டுக்கு உச்சவிலை வச்சப்போ, சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபா, ரிவிஷன் மூட்டு 1,13,950 ரூபா, ஜி.எஸ்.டி. தனி. அந்த வரம்பு மூட்டுக்கு மட்டும்தான். ரோபோ கட்டணம் அதுக்குள்ள வராது. தோட்டக் கூலில வாழற வீட்டுக்கு அந்தக் கூடுதல் தொகை, மதுரைக்குப் பல தடவை செக்கப் போய்வர்ற செலவு.

2022-ல சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில ரோபோ அறுவை மையம் திறந்தாங்க. சந்தோஷம்தான். ஆனா நம்ம ஊருக்கு நான் முதல்ல கேக்கறது ரோபோ இல்ல. கானாவிலக்கு மருத்துவக் கல்லூரில, மூட்டு மாத்தினவங்களை வருஷா வருஷம் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்துப் பாக்க ஒரு தனி நாள். மூட்டு லேசா ஆடும்போதே கண்டுபிடிச்சா எலும்பு மிஞ்சும், ரிவிஷனும் சுலபமாகும்.

டிஸ்கி: உங்க வீட்டுல யாராவது மூட்டு மாத்தியிருந்தா டிஸ்சார்ஜ் சம்மரியையும், மூட்டோட கம்பெனி, சைஸ் ஒட்டின ஸ்டிக்கரையும் பத்திரமா வைங்க. நாளைக்கு ரிவிஷன்னா டாக்டர் முதல்ல கேக்கறது அதைத்தான். மருத்துவப் பதிவர்கள் மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்மலாம் :-)