இஞ்சித் தேத்தண்ணி ஊற்றுவது யார்?

"சத்திதானே, பிள்ளைத்தாச்சியெண்டால் வாறதுதான்" என்று சொல்லிவிட்டு ரிவிக்கு முன்னால் போய் இருக்கும் ஆண்களைக் கண்டால் எனக்கு விசர் வரும். வருவதுதான். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு வரும். ஆனால் ஊரில் அம்மா, மாமி, பெரியம்மா என்று பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். இங்கே ஜேர்மனியில் மூன்றாம் மாடி வீட்டில் அவளும் நாலு சுவரும்தான். அந்த நாலு பேரின் வேலையும் இப்போது புருஷனுடையது. இதுதான் என் கட்சி.

ஜேர்மன்காரர் இதைக் 'காலைக் குமட்டல்' என்பார்கள். பெயர்தான் காலை, நாள் முழுக்க வரும். ஐந்தாறு கிழமையில் தொடங்கி, ஒன்பதாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு ஐந்தாம் மாதத்துக்குள் அடங்கும். இது நடிப்போ மனப்பிரமையோ இல்லை. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹோர்மோன் இதற்கு முக்கிய காரணம் என்று 2023இல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

குசினி வேலைக்காரனான எனக்கு மணத்தைப் பற்றித் தெரியும். சூடான சாப்பாட்டில்தான் மணம் கூட எழும்பும். தாளிதமும் கருவாடும் அவளை ஓடவைக்கும். ஆறிய சோறும் தயிரும் உள்ளே போகும். என் உடுப்பிலும் தலைமயிரிலும் பொரித்த எண்ணெய் மணம் ஊறியிருக்கும். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நிலக்கீழ் அறையில் உடுப்பை மாற்றி, நேரே போய்க் குளித்த பிறகுதான் மனைவிக்குக் கிட்டப் போவேன். தியாகம் ஒன்றுமில்லை, பத்து நிமிட வேலை.

மிச்சமும் அப்படித்தான். எழும்ப முன்னரே கட்டிலடியில் இரண்டு கிரீம் கிராக்கர். வயிறு வெறுமையாகாமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கொஞ்சமாகச் சாப்பாடு. தண்ணீர் சாப்பாட்டோடு அல்ல, இடையிடையே மிடறு மிடறாக. இஞ்சி வெறும் பாட்டி வைத்தியம் இல்லை, ஆய்வுகளிலும் குமட்டலைக் குறைத்திருக்கிறது, அளவோடு கொடுங்கள். இரும்புச்சத்துக் குளிசைக்குப் பிறகு பிரட்டினால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

ஆனால் கைவைத்தியத்துக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் கடும் நிறம், தலைச்சுற்று, நிறை குறைகிறது, சத்தியில் இரத்தம் என்றால் இஞ்சியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மருந்தென்றால் பயப்படுபவர்களில் நியாயம் உண்டு. 1957 தொடக்கம் 1961 வரை இதே நாட்டில் விற்ற கொண்டர்கான் குளிசையைக் கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் விழுங்கினார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கைகால் குறையோடு பிறந்தார்கள். அதனால் தன்பாட்டில் ஒரு குளிசையும் போடக்கூடாது. ஆனால் நீண்டகாலம் ஆராய்ந்து பார்த்த மருந்துகள் இன்று டொக்டரிடம் உண்டு. மொழி தெரியாத பெண் தனியே போய்த் தன் வருத்தத்தை எப்படிச் சொல்வாள்? கூடப் போய்ச் சொல்லுங்கள். மருத்துவிச்சி வீட்டுக்கே வருவார், செலவைக் காப்புறுதி கட்டும்.

பிள்ளை பிறந்ததும் முப்பத்தொன்றுக்கு மண்டபம் எடுக்கும் நாங்கள், அதற்கு முதல் ஒரு கோப்பை இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவோம்?