தலைக்கணக்கும் டன் கணக்கும்

தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. பழுதுபார்ப்பையும் உற்பத்தியாகவே கருதிய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில், மின்சாரம் பயன்படுத்தும் பட்டறையில் 10 தொழிலாளர் இருந்தாலே அது தொழிற்சாலை. இப்போது அந்த எண் 20. பாதுகாப்புக்கான பொதுக் கடமைகள் 10 பேர் உள்ள நிறுவனங்களுக்கும் உண்டு. நியமனக் கடிதம் கட்டாயமாகியிருக்கிறது, அதை வரவேற்கிறோம். டூ-போஸ்ட் லிஃப்ட் வைத்திருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டர்களுக்கு இதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை.

நம் கவலை புதுச்சேரியில் கோரிமேட்டிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சாலையோரம் இருக்கும் பட்டறைகளைப் பற்றியது. ஒரு மேஸ்திரி, இரண்டு மெக்கானிக், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஒரு பையன். இந்த நான்கு பேர் சட்டத்தின் எந்த எண்ணிலும் வரமாட்டார்கள். அவர்கள் தலைக்கு மேல் நிற்கும் லாரியின் எடையோ ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் குறைவதில்லை.

ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. இதை நம் வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கைப்பிரேக் எதையும் பிடிக்காது, முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்தே ஆகவேண்டும் என்பதும் தெரிந்ததுதான். ஆனாலும் ஆக்சிலுக்கு அடியில் ஹாலோபிளாக் வைக்கிறோம். அது விரிசல் காட்டி எச்சரிக்காது. ஓரிடத்தில் பாரம் குவிந்தால் ஒரே நொடியில் நொறுங்கும். ஐப்பசி மழையில் ஊறிய மண்தரையில் ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் இறங்குவதை எத்தனை பேர் பார்த்திருப்போம்! டிப்பர் தொட்டிக்கு முட்டு கொடுக்காமல் ஹோஸைக் கழற்றுவதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. மொத்தம் சுமார் 17 லட்சம். தேய்ந்த அச்சுகளில் வார்த்ததால் பல்லும் பூட்டும் போதிய ஆழத்துக்குக் கவ்வவில்லை. மாற்றாகத் தந்த ஸ்டாண்டுகளிலும் வெல்டிங் கோளாறு தெரியவந்து, அவற்றையும் திரும்பப் பெற்றார்கள். அங்கே புகாரைப் பதிந்து தொடர ஓர் அமைப்பு இருந்தது. இங்கே பழைய ஆங்கிளை வெட்டி, வெல்டிங் கடையில் ஒட்டி வாங்குகிறோம். எத்தனை டன் தாங்கும் என்று அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. யார் வந்து கேட்டார்கள்?

யாரும் வரமாட்டார்கள், வர வழியும் வைக்கவில்லை. ஆய்வாளருக்கு ‘வழிகாட்டுநர்’ என்ற பட்டத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். வழிகாட்ட வேண்டிய வாசல் சட்டத்துக்கு வெளியே கிடக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கும் 10 பேர் வேண்டும். அதற்குக் குறைந்தால் இருதரப்பும் விரும்பிச் சேரலாம் என்கிறார்கள். விரும்பிச் சேர்ந்த பட்டறையை எங்காவது கண்டதுண்டா? இ.எஸ்.ஐ. மருத்துவமனை இதே கோரிமேட்டில்தான் இருக்கிறது. அதைத் தாண்டித் தினமும் வேலைக்கு வரும் பையனிடம் அதன் அட்டை இல்லை. அவன் நசுங்கிச் செத்தால் மட்டும் அரசு வரும், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவோடு. ஐந்தாண்டுவரை சிறை. உரிமம் கொடுத்தபோது தரையை, ஸ்டாண்டை, ஜாக்கியை ஒருமுறை பார்த்திருந்தால் அந்தப் பிரிவுக்கு வேலை இருந்திருக்காது. உரிமக் கட்டணத்தை வாங்கும்போது நாங்கள் சிறியவர்கள் என்று யாரும் விட்டுவிடவில்லையே!

இதை மாற்றும் வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான வேலை என்று மத்திய அரசு அறிவித்தால், தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பில் ஆள் எண்ணிக்கை வரம்பு பொருந்தாது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி, அத்தகைய வேலையில் ஒரே ஒருவர் இருந்தாலும் காப்பீடு உண்டு. தூக்கி நிறுத்திய வாகனத்துக்கு அடியில் செய்யும் வேலையை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். புதுச்சேரி அரசும் தமிழக அரசும் இதைக் கேட்டு தில்லிக்கு எழுத வேண்டும். செலவு கூடும் என்று நம் பட்டறை உரிமையாளர்களில் சிலர் தயங்குவார்கள். அவர்களும் இந்தக் கோரிக்கையில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்கிறோம்.