50 லட்சத்துக்கு ரஹானே, 9.75 கோடிக்கு அஸ்வின்: வயசான வீரரை டீமில் எடுக்கலாமா?

குரும்பலூரில் இப்போது இரண்டு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்று, பொங்கல் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுக்கு எங்கள் தெரு டீமில் 41 வயது அண்ணன் ஒருவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது. இன்னொன்று, 44 வயது தோனியை 2026 சீசனுக்கும் சிஎஸ்கே தக்கவைத்தது சரியா என்பது. இரண்டும் ஒரே டீக்கடையில், ஒரே ஆட்களுக்குள் நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், “தல ஆடியே ஆகணும்” என்று கத்துகிற பையன்தான் “அண்ணனை ஸ்கோர் எழுத உட்கார வைங்கடா” என்றும் சொல்கிறான்.

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இதை உட்கார்ந்து கேட்டேன். ஒரு மணி நேரம் பேசியும் இரண்டு கட்சியும் வயதைத் தாண்டவே இல்லை. “வயசாகிடுச்சு” என்று ஒரு பக்கம், “வயசு வெறும் நம்பர்” என்று இன்னொரு பக்கம். ஆனால் வயதான வீரர்களை எடுத்து ஜெயித்தும் தோற்றும் பார்த்த சிஎஸ்கேவின் கணக்கைப் புரட்டினால், முடிவைத் தீர்மானித்தது வயது இல்லை. என்ன விலைக்கு எடுத்தார்கள், எந்த வேலைக்கு எடுத்தார்கள் என்ற இரண்டு கேள்விகள்தான்.

‘டேடிஸ் ஆர்மி’ எப்படி ஜெயித்தது?

இரண்டு வருடத் தடை முடிந்து 2018-ல் சிஎஸ்கே திரும்பி வந்தபோது ஏலத்தில் எடுத்த ஆட்களைப் பார்த்து நாடே சிரித்தது. 36 வயது ஷேன் வாட்சன் 4 கோடி. ஹர்பஜன் சிங் 2 கோடி. 32 வயது அம்பத்தி ராயுடு 2.2 கோடி. இம்ரான் தாஹிர் 1 கோடி. ‘டேடிஸ் ஆர்மி’ என்ற பெயர் அப்போது வந்த கிண்டல்தான்.

அந்த சீசனில் ராயுடு 602 ரன் அடித்தார். மும்பையில் நடந்த ஃபைனலில் வாட்சன் முதல் 10 பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. கடைசியில் 57 பந்தில் 117 நாட் அவுட், கப் சென்னைக்கு. அடுத்த வருடம், 40 வயதில் தாஹிர் 26 விக்கெட் எடுத்து பர்ப்பிள் கேப் வாங்கினார். அதே 2019 ஃபைனலில் முழங்காலில் ரத்தம் கசிய வாட்சன் 80 அடித்தும் ஒரு ரன்னில் தோற்றதை இங்கே யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அந்த விலைகளை இன்னொரு முறை பாருங்கள். எல்லாம் ஒரு கோடியிலிருந்து நாலு கோடிக்குள். மற்ற அணிகள் ‘முடிஞ்சுபோச்சு’ என்று கைவிட்டதால் சல்லிசாகக் கிடைத்தவர்கள். ஒருவர் சொதப்பினாலும் டீம் கவிழாது. பெஞ்சில் உட்கார வைக்கவும் யாருக்கும் கை நடுங்காது.

இந்தக் கணக்கின் உச்சம் அஜிங்கியா ரஹானே. 2022 டிசம்பர் கொச்சி ஏலத்தில் அவரை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு சிஎஸ்கே எடுத்தபோது, அது ஒரு செய்தியாகக்கூட இல்லை. டெஸ்ட் அணியிலிருந்தும் கழற்றிவிடப்பட்டிருந்த 34 வயது வீரர். 2023-ல் வான்கடேவில் 27 பந்தில் 61, ஈடன் கார்டன்ஸில் 29 பந்தில் 71 நாட் அவுட். சீசன் முழுக்க 326 ரன், ஸ்ட்ரைக் ரேட் 172.48. நிதானமாக நின்று ஆடுபவர் என்று பெயர் எடுத்த மனிதரிடம் “போ, பயப்படாமல் அடி” என்ற ஒற்றை வேலையைக் கொடுத்தார்கள். சிஎஸ்கே ஐந்தாவது கோப்பையை வாங்கியது, ரஹானே உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலுக்கான இந்திய அணிக்கே திரும்பிவிட்டார்.

2021-ல் ராபின் உத்தப்பாவும் இதே ரகம்தான். சீசனின் பெரும்பகுதி பெஞ்சில். குவாலிஃபையரில் 63, ஃபைனலில் 15 பந்தில் 31. அவ்வளவுதான் வேலை, முடித்துக் கொடுத்தார்.

பாசம் ஏலம் கேட்டால்?

இப்போது மறுபக்கம். 2018 ஏலத்திலேயே கேதர் ஜாதவுக்கு 7.8 கோடி போனது. 2020-ல் அவர் 8 மேட்சில் எடுத்தது 62 ரன். எட்டு அணிகளில் ஏழாவது இடம், முதல்முறையாக பிளே-ஆஃப் இல்லை. விலை பெரிசு என்பதால் உட்கார வைக்கவும் முடியாமல், ஆட வைக்கவும் முடியாமல் அந்த சீசன் எப்படி இழுத்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2024 நவம்பரில் ஜெட்டா ஏலத்தில் நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ரவிச்சந்திரன் அஸ்வின், 38 வயது, 9.75 கோடி. 2008 முதல் 2015 வரை மஞ்சள் ஜெர்சியில் இருந்தவர், பத்து வருடம் கழித்து வீட்டுக்குத் திரும்புகிறார். அன்று நானும் ஆஃபீஸில் கைதட்டினேன், மறைக்க மாட்டேன். எங்கள் டெஸ்க்கில் ‘சிங்கம் திரும்புது’ ரக தலைப்பு போட்டது யார் என்று இப்போது கேட்காதீர்கள்.

2025-ல் அஸ்வின் 9 மேட்ச் ஆடினார். 7 விக்கெட், ஓவருக்கு 9.12 ரன். டிசம்பர் 2024-ல் சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றவர், 2025 ஆகஸ்ட் 27-ல் ஐபிஎல்லுக்கும் டாட்டா சொல்லிவிட்டார். 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த பவுலரின் திறமையில் சந்தேகம் கிடையாது. ஆனால் 120 கோடி பர்ஸில் கிட்டத்தட்ட 8 சதவீதத்தை ஒரு 38 வயது ஸ்பின்னருக்குக் கொடுத்துவிட்டு, அதே ஏலத்தில் 10 கோடிக்கு நூர் அகமதையும் எடுத்து, ஜடேஜாவையும் 18 கோடிக்கு வைத்திருந்தால், அஸ்வினுக்கான தனி வேலை என்ன? நூர் அந்த சீசனில் 24 விக்கெட் எடுத்தார். அஸ்வின் 2 கோடிக்கு வந்திருந்தால் ‘மூன்றாவது ஸ்பின்னர், அனுபவம், டிரெஸ்ஸிங் ரூம் மூளை’ என்று சொல்லி ஜாலியாக இருந்திருக்கலாம். 9.75 கோடிக்கு அந்த வார்த்தைகள் செல்லாது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏலத்தில் விலையை ஒரு அணி மட்டும் முடிவு செய்வதில்லை. எதிரே இன்னொரு அணி கை தூக்கினால் ஏறத்தான் செய்யும். ஆனால் எந்த எண்ணில் கையை இறக்குவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. 2022 ஏலத்தில் சுரேஷ் ரெய்னாவுக்கு 2 கோடி அடிப்படை விலைக்குக்கூட சிஎஸ்கே கை தூக்கவில்லை. சின்ன தலைக்கே இல்லாத பாசம் என்று அன்று ஊரே கொதித்தது. கிரிக்கெட் கணக்காகப் பார்த்தால் அதை என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. சொல்லவும் பிடிக்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே டீக்கடைதான்

இந்தச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதே கேள்விக்காக முட்டிக்கொள்வார்கள். அங்கே ஆல்பர்ட் புஹோல்ஸ் என்று ஒரு ஜாம்பவான். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் கொடிகட்டிப் பறந்தவரை, 2011 முடிவில் ஏஞ்சல்ஸ் அணி பத்து வருடத்துக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு எடுத்தது. வயது ஏற ஏற ஆட்டம் இறங்கியது, சம்பளம் இறங்கவில்லை. 2021-ல் ஒப்பந்தம் முடியும் முன்பே கழற்றிவிட்டார்கள்.

அடுத்த வருடம், 42 வயதில், பழைய கார்டினல்ஸ் அணி அவரை ஒரே ஒரு வருடத்துக்கு, 25 லட்சம் டாலருக்கு எடுத்தது. ஃபீல்டிங் பெரிதாக இல்லை. முக்கியமாக இடது கை பந்துவீச்சாளர்கள் வரும்போது மட்டும் போய் அடிக்க வேண்டும். 24 ஹோம் ரன் அடித்து, 700-ஐத் தாண்டி, 703-ல் ஓய்வு பெற்றார். நம்மூர்க் கணக்கில் சொன்னால், ஏஞ்சல்ஸில் அவர் ஜெட்டா அஸ்வின். கார்டினல்ஸுக்குத் திரும்பியபோது கொச்சி ரஹானே.

சரி, தோனி?

இங்கேதான் என் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்வார்கள்.

விலையில் தோனி பிரச்சினையே இல்லை. கடைசியாகச் சர்வதேசப் போட்டி ஆடி ஐந்து வருடம் கடந்த இந்திய வீரர்களை ‘அன்கேப்டு’ கணக்கில் வைக்கலாம் என்ற பழைய விதி 2025 சீசனுக்காகத் திரும்பக் கொண்டுவரப்பட்டது. தோனியின் கடைசி மேட்ச் 2019 ஜூலை உலகக்கோப்பை அரையிறுதி. அதனால் 2022-ல் 12 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டவர் 2025-ல் 4 கோடிக்கு வந்தார். ஸ்டேடியம் நிரம்புவதற்கும் ஜெர்சி விற்பதற்குமே அது திரும்பக் கிடைத்துவிடும்.

விலையை விட இடம்தான் சிக்கல். விக்கெட் கீப்பர் என்பதால் இம்பாக்ட் பிளேயர் விதியை வைத்து ‘பேட்டிங் மட்டும்’ என்று அவரை ஒளித்து வைக்க முடியாது. அவர் ஆடினால் கீப்பர் அவர்தான். ஆனால் பேட்டிங் வரிசையில்? 2025 மார்ச் 28, சேப்பாக்கம், ஆர்சிபி மேட்ச். அஸ்வினுக்குப் பிறகு ஒன்பதாவது ஆளாக இறங்கி 16 பந்தில் 30 அடித்தார். மேட்ச் அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டது. அடுத்த வாரம் டெல்லிக்கு எதிராக பாதி இன்னிங்ஸ் மீதமிருக்கும்போதே வந்தார்: 26 பந்தில் 30, 25 ரன்னில் தோல்வி. பிறகு லக்னோவில் கடைசி ஐந்து ஓவரில் இறங்கி 11 பந்தில் 26, ஆட்ட நாயகன் விருது. மூன்றும் பதினெட்டு நாளுக்குள்.

அதாவது, கடைசிச் சில ஓவர் கொடுத்தால் அவர் இன்னும் பயங்கரமான ஆள். 2024-ல் 73 பந்து மட்டும் சந்தித்து 161 ரன், ஸ்ட்ரைக் ரேட் 220. அதிகம் கொடுத்த 2025-ல் 196 ரன், ஸ்ட்ரைக் ரேட் 135. முழங்கால் முன்பு போல இல்லை, பத்து ஓவர் ஓடி ஆட முடியாது என்று கோச் ஃபிளெமிங்கே பிரஸ் மீட்டில் ஒப்புக்கொண்டார். ஆனால் பதினொரு பேரில் ஒருவர் கடைசிச் சில ஓவருக்கு மட்டும் என்றால், மிச்ச ஆறு பேட்ஸ்மேன்கள் ஏழு பேர் வேலையைச் செய்ய வேண்டும். 2025-ல் அது நடக்கவில்லை. 14 மேட்சில் 4 வெற்றி, வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம்.

அந்த அழிந்த சீசனிலும் சில மேட்ச் பார்க்கும்படி இருந்தது யாரால்? ருதுராஜ் காயத்தால் விலகியதால் 30 லட்சத்துக்கு உள்ளே வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே: 7 மேட்ச், 240 ரன். மாற்று வீரராக வந்த டெவால்ட் பிரெவிஸ்: 6 மேட்ச், 225 ரன். யாராவது காயமடைந்ததால்தான் இந்தப் பையன்களுக்குக் கதவு திறந்தது என்பதுதான் என் கோபம்.

நிர்வாகமும் இதைப் புரிந்துகொண்டதாகவே தெரிகிறது. நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து 18 கோடி சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். 2023 ஃபைனலின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்த ஜடேஜாவையே! டிசம்பர் 16 அபுதாபி ஏலத்தில் 20 வயது பிரசாந்த் வீருக்கும் 19 வயது கார்த்திக் சர்மாவுக்கும் ஆளுக்கு 14.2 கோடி. கார்த்திக்கும் கீப்பர், சாம்சனும் கீப்பர், உர்வில் படேலும் கீப்பர். இத்தனை பேரை வாங்கி வைத்துவிட்டு, நாற்பத்து நான்கு வயதுக்காரரே 14 மேட்சும் கீப்பிங் செய்தால் அந்தப் பணம் எதற்கு?

என் கருத்து இதுதான், திட்டுவதானால் திட்டலாம்: தோனி ஸ்குவாடில் இருக்கட்டும், பிளேயிங் லெவனில் அவர் இடம் தானாக உறுதியாகக் கூடாது. சேப்பாக்கத்தில் சில மேட்ச், கடைசி ஓவர்கள், இதுதான் வேலை என்று சீசன் தொடங்கும் முன்பே அறிவித்துவிடலாம். குரும்பலூரிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் பஸ்ஸில் உட்கார்ந்து, டிக்கெட்டுக்கு ஒரு வாரச் சம்பளத்தைக் கொடுத்து வருகிறவனுக்கு, இன்று அவரைப் பார்ப்போமா இல்லையா என்பதாவது தெரிய வேண்டும். கூடவே, தன் டீம் ஜெயிக்கத்தான் ஆடுகிறதா என்பதும்.

ஊர் விஷயத்துக்கு வருகிறேன். மக்காச்சோளம் அறுத்த காட்டில் பிட்ச் ரெடியாகிவிட்டது. அண்ணனுக்குப் போன் போட்டு, “ஓப்பனிங் வேண்டாம்ணே, கடைசி ரெண்டு ஓவர் மட்டும் இறங்குங்களேன்” என்று ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். பத்து வருடமாக என்ட்ரி ஃபீஸ் கட்டுகிறவர், பொறுமையாகக் கேட்டார்.

“நான் எப்படா ஓப்பனிங் கேட்டேன்? பசங்கதான் பேட்டைக் கொண்டாந்து கையில குடுக்குறானுங்க. வேணாம்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரல.”

முதல் மேட்ச் போகி அன்று. லெவன் இன்னும் எழுதவில்லை.